சிறுநீர் உரைக்கும் செய்தி

சிறுநீரை நோக்கி நோயை அறிதல் மிகப் பழைய வழக்கம். நம் சித்த வைத்தியர் அதன் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்னும் ஐந்தையும் ஆராய்ந்து நீர்க்குறி என்றனர். அதன்மேல் விட்ட எண்ணெய்த்துளி நீண்டு ஓடுகின்றதா, வட்டமாய்ப் பரவுகின்றதா, துளியாகவே நிற்கின்றதா எனக் கண்டு நெய்க்குறி கூறினர். தேரையர் பெயரால் வழங்கும் நூல்கள் இவற்றை விரித்துரைக்கும். ஆயினும் அவர்கள் நாடியது வாத பித்த கபங்களின் நிலையையே. எந்த உறுப்புப் பழுதுற்றது என்பதை அன்று.

அவ்வினாவுக்கு விடை கண்டவர் இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் வைத்தியர் றிச்சட் பிறைற். உடல் வீங்கிய நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுதிரிச் சுடரிற் காய்ச்சினால், முட்டையின் வெண்கருவைப் போல அது திரைந்தது. அத்தகையோர் இறந்தபின் உடலை ஆராய்ந்தபோது சிறுநீரகங்கள் சிதைந்திருக்கக் கண்டார். சிறுநீர் இவ்வாறு திரைதலைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டோர் உளர். வீக்கத்தையும் புரதத்தையும் சிறுநீரகப் பழுதையும் ஒன்றாய் இணைத்து 1827இல் வெளியிட்டமையே பிறைற்றின் பெருமை.

ஆனால், உடல் வீங்கும்வரை காத்திருந்தால் வைத்தியன் செய்யக்கூடியது சிறிதே. அதே கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹரி கீன் என்பாரும் அவர்தம் துணைவரும் மிகச் சிறிதளவான அல்புமின் புரதத்தையும் அளக்கும் முறையை 1963இல் வெளியிட்டனர். அச்சிற்றளவே நீரிழிவாளருக்குப் பின்னர் வரக்கூடிய சிறுநீரக நோயை முன்னறிவிக்கும் என்பது 1982இல் காட்டப்பட்டது.

அல்புமின் பெரும்பாலும் வடியின் பழுதைக் காட்டுவது. வடிந்த நீரிலிருந்து உடலுக்கு வேண்டியவற்றை மீட்கும் நுண்குழாய்கள் நலிந்தால் அதனை உரைப்பது யாது? இங்கேதான் நொதியங்கள் துணைக்கு வருகின்றன. என்-அசற்றைல்-குளுக்கோசாமினிடேசு என்னும் நொதியம் நுண்குழாய்க் கலங்களின் உள்ளே உறைவது. அதன் மூலக்கூறு பருத்தது. ஆதலின் குருதியிலிருந்து வடியினூடே எளிதிற் புகாது. சிறுநீரில் அது மிகுந்தால், கலங்களே ஊறுபடுகின்றன என ஐயுற இடமுண்டு. குருதியிலுள்ள கிரியற்றினினோ, சிறுநீரகத் தொழிற்பாட்டின் ஏறக்குறையப் பாதி குன்றும்வரை வழமையான அளவிலேயே நின்றுவிடக்கூடும்.

இவ்வேறுபாடு நம் நாட்டுக்கு மிக வேண்டியது. வடமத்திய மாகாணத்தில் மெதவாச்சி, பதவியா முதலிய இடங்களின் விவசாயிகளிடையே, நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ காரணமாகாத சிறுநீரக நோய் 1990களில் அறியப்பட்டது. அது முதன்மையாக நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையங்களையும் தாக்குவது. அதனாற் சிறுநீரில் இறங்கும் அல்புமின் பெரும்பாலும் சொற்பமே. பிறைற்றின் கரண்டி அங்கே மௌனம் சாதிக்கும். வயலில் உழைப்பவன் தன் நோயை உணருமுன்னரே கண்டறிய, ஆய்வாளர் நுண்குழாய்க் குறிகளைச் சோதித்து வருவது இதன் பொருட்டே.

நொதியம் ஊறு உண்டு என்று சொல்லுமேயன்றி, அதனை விளைத்தது யாதெனச் சொல்லாது. நீரிழிவிலும் அது மிகும். கடமியம், இரசம் முதலிய உலோகங்களின் நஞ்சாலும் மிகும். எனவே ஒரு குறியை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தகாது. எனினும், உடல் வாய்திறவாத காலத்திலேயே சிறுநீர் பேசத் தொடங்குகின்றது. அதனைக் கேட்கும் வசதி தலைநகர் வைத்தியசாலைகளோடு நின்றுவிடாது குளக்கட்டோரத்துக் கிராமங்களையும் எட்டுமாயின், இருநூறாண்டு முயற்சி பயன் தந்ததாகும்.