அடையாற்றுப் போரும் அதன் இடக்குழப்பமும்

அடையாற்றுப் போர், முதலாம் கர்நாடகப் போரின்போது 1746-இல் பிரெஞ்சுப் படைக்கும் ஆற்காடு நவாப் அன்வருதீன் கானின் படைக்கும் இடையே நடந்தது. சாந்தோம் போர் என்பதும் இதுவே. இரண்டு பெயர்களையும் கண்டு, இரண்டு போர்கள் எனக் கொள்வோர் உண்டு.

அடையாறு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடும் ஆறு. ஆதனூர்ப் பக்கம் தொடங்கி, திருநீர்மலை, அனகாபுத்தூர், பொழிச்சலூர், சைதாப்பேட்டை வழியாகச் சென்று, சென்னையின் சாந்தோமுக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. ஆதலால் ‘அடையாற்றங்கரையில் நடந்த போர்’ என்று மட்டும் எழுதினால் இடம் விளங்காது. போர் நடந்தது முகத்துவாரத்தை ஒட்டிய குயிபிள் தீவுப் பகுதியில். பொழிச்சலூர்க் கரையிலிருந்து அது நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கிழக்கே உள்ளது.

கரை மாறுவதுதான் பெரிய பிழை. அடையாறு என்று இன்று நாம் அழைக்கும் குடியிருப்புப் பகுதி தென்கரையில் இருப்பதால், களத்தையும் அங்கேயே வைத்துவிடுகிறார்கள். உண்மையில் நவாபின் மகன் மாபுஸ் கான் ஏறத்தாழ 10,000 பேருடன் வடகரையில் காத்திருந்தார். புதுச்சேரியிலிருந்து வந்த பாரதி (Paradis) என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர் ஆயிரத்துக்கும் குறைவான வீரர்களுடன் தென்கரையை அடைந்து, எதிரியின் கண்ணெதிரே ஆற்றைக் கடந்து தாக்கினார். சண்டை பின்னர் சாந்தோம் தெருக்களுக்குள் நுழைந்தது. கரைகளை மாற்றிப் போட்டால் இந்தத் துணிச்சலின் பொருளே போய்விடும். பயிற்சி பெற்ற சிறு காலாட்படை பெரும்படையை வென்றதற்கு வரலாற்றாசிரியர்கள் காட்டும் முதன்மைச் சான்று இது.

பழைய நூல்களும் இக்குழப்பத்துக்கு இடம் தந்தன. வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் ஆற்றின் பெயரைச் சொல்லாமல், சாந்தோமுக்குத் தெற்கே கடலில் சேரும் ஆறு என்றே குறிக்கிறார். தேதியிலும் இரட்டை வழக்கு உண்டு. ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டியில் அக்டோபர் 24 ஆகும் நாள், பிரெஞ்சுக்காரர்களுக்கு நவம்பர் 4.

இதே சிக்கல் காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள புள்ளலூரிலும் எழுகிறது. ஆங்கில நூல்களின் ‘பொள்ளிலூர்’ இவ்வூரே. இங்கு மைசூரின் ஐதர் அலி, திப்பு படைகளிடம் ஆங்கிலேயக் கர்னல் பெய்லி 1780 செப்டம்பர் 10 அன்று தோற்றார். 1781 ஆகஸ்ட் 27 அன்று ஐதரை ஆங்கிலத் தளபதி அயர் கூட் எதிர்கொண்ட போரும் இவ்வூரின் பெயரையே பெற்றது. அவற்றுக்கு ஓராயிரம் ஆண்டு முன்பு, பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறும் களமும் புள்ளலூர்தான். 1780-இல் ஆங்கிலத் தளபதி மன்றோவின் படையுடன் சேரப் புறப்பட்ட பெய்லியைத் தாமதப்படுத்திய வெள்ளம் பாலாற்றில் வந்ததன்று. அவர் ஆகஸ்ட் 25 அன்று கொற்றலையாற்றின் வடகரையில், அன்றே கடக்காமல், முகாமிட்டார். இரவில் நீர் பெருகி, செப்டம்பர் தொடக்கம்வரை கடக்க முடியவில்லை. இன்றைய வரைபடங்களில் அந்த ஆறு கொசஸ்தலையாறு. இப்பெயர் மாற்றத்தை அறியாதவர் பெய்லியின் பாதையைத் தெற்கே தள்ளிவிடுவார். அப்போது, காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோவின் படையுடன் அவர் ஏன் சேர முடியவில்லை என்பது விளங்காது.