‘காட்டுமிராண்டி’ என்னும் பெயர்: ஓர் இசைத்தொகுப்பும் சமோவ வரலாறும்

நியூசிலாந்துவாழ் சமோவ இனத்தவரான கிங் கபீசி என்னும் ஹிப்ஹொப் பாடகர் 2000ஆம் ஆண்டிலே தமது முதலாவது தனி இசைத்தொகுப்பை வெளியிட்டார். ‘சவேஜ் தோட்ஸ்’ என்பது அதன் பெயர். ‘காட்டுமிராண்டிச் சிந்தனைகள்’ எனத் தமிழிற் கூறலாம். பசுபிக் தீவுகளை அடைந்த ஐரோப்பியர் அத்தீவு மக்களைச் சுட்ட வழங்கிய சொல்லை அம்மக்களின் வழித்தோன்றல் ஒருவர் தம் படைப்பின் முகப்பிலே பொறித்துக்கொண்டமை தற்செயலன்று. தாம் நடத்திய ஆடை வணிகத்துக்கும் அவர் ‘ஓவர்ஸ்டேயர்’ என்றே பெயரிட்டார். அனுமதிக்காலம் கடந்து தங்கியிருப்பவர் என்பது அதன் பொருள். இவ்விரு வசைச்சொற்களுக்கும் இடையே சமோவ மக்களின் நெடிய வரலாறு கிடக்கின்றது.

1914ஆம் ஆண்டிலே ஜேர்மனியரிடமிருந்து மேற்குச் சமோவாவை நியூசிலாந்து கைப்பற்றியது. 1918 நவம்பரில் ஒக்லாந்திலிருந்து வந்த ‘தலூனே’ என்னும் கப்பல், நோயாளருடன் துறைமுகத்துள் அனுமதிக்கப்பட்டது. அக்கப்பல் கொணர்ந்த இன்புளுவென்சா நோயினால் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். அது குடித்தொகையில் ஐந்திலொரு பங்கினும் அதிகமாகும். கப்பல்களைத் தடுத்து நிறுத்திய அண்டைய அமெரிக்கச் சமோவாவிலோ அந்நோயினால் ஒருவரேனும் இறக்கவில்லை. 1929 டிசம்பர் 28ஆம் நாள், ‘மௌ’ இயக்கத்தினரின் அமைதி ஊர்வலத்தின்மீது ஆட்சியாளர் சுட்டதில் தலைவர் துபுவா தமசேசே உயிரிழந்தார். 1962இல் நாடு விடுதலை பெற்றது.

ஆயினும் தொடர்பு அற்றுவிடவில்லை. இரண்டாம் உலகப்போரின் பின் நியூசிலாந்துத் தொழிற்சாலைகளுக்கு உழைப்பாளர் தேவைப்பட்டபோது சமோவர் வரவேற்கப்பட்டனர். எழுபதுகளிலே பொருளாதாரம் நலிந்ததும் அவர்களே சுமையெனக் கருதப்பட்டனர். 1974 முதல் 1976 வரை பொலிசார் விடியற்காலையிலே வீடுகளுட் புகுந்து கடவுச்சீட்டுக் கேட்டனர். ஐரோப்பாவிலிருந்து வந்து காலங்கடந்து தங்கியோரின் கதவுகள் அவ்வாறு தட்டப்படவில்லை என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இப்பின்னணியில் வளர்ந்த தலைமுறையின் குரலே கபீசியினது. ‘சப்-கிரேனியம் ஃபீலிங்’ என்னும் அவரது பாடல் 1999இலே நியூசிலாந்தின் உயர்ந்த பாடலாக்க விருதான ‘சில்வர் ஸ்குரோல்’ விருதைப் பெற்றது. ஹிப்ஹொப் கலைஞர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. நியூயோர்க்கிலே பிறந்த வடிவத்தை இரவல் வாங்கியோர் எனச் சிலர் இத்தகையோரை எள்ளுவதுண்டு. இது மேலோட்டமான நோக்கு. சமோவச் சபைகளிலே கோலும் சவரியும் ஏந்தி நின்று குலவழிகளை எடுத்துரைக்கும் ‘துலாபாலே’ என்னும் பேச்சாளருக்குத் தனி மதிப்புண்டு. இசையினும் சொல்லை முதன்மைப்படுத்தும் ஒரு கலை அத்தகைய சமூகத்தில் வேரூன்றியதில் வியப்பில்லை.

எனினும், கிறித்தவ மிஷனரிமாரே முன்னோரின் மரபை அழித்தனர் என்னும் அவரது குற்றச்சாட்டை வரலாற்று மாணவர் அப்படியே ஏற்றல் இயலாது. 1830இலே ஜோன் வில்லியம்ஸ் சவாயித் தீவை அடைந்தபோது மலியேதோவா என்னும் தலைவர் அவரை வரவேற்றார். விண்ணிலிருந்து ஓர் ஆட்சி வருமென்ற நபனுவாவின் வாக்கு நிறைவேறியதாகவும் கொள்ளப்பட்டது. குடிபெயர்ந்தோருக்கு அந்நிய நகரிலே நிழல் தந்தனவும் தேவாலயங்களே. ஆகவே இத்தொகுப்பு 1830ஆம் ஆண்டுக்குச் சான்றாகாது. இரண்டாயிரமாம் ஆண்டளவிலே புலம்பெயர்ந்த இளைஞர் தம் கடந்தகாலத்தை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதற்கோ இதனினுஞ் சிறந்த சான்று அரிது. அரச ஆவணங்களில் அவர்கள் வழக்கு இலக்கங்களாகவே காணப்படுகின்றனர்.

2021 ஆகஸ்ட் 1ஆம் நாள், விடியற்காலைத் தேடுதல்களுக்காக நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டேர்ன் ஒக்லாந்து நகர மண்டபத்திலே மன்னிப்புக் கோரினார். ‘இபோங்கா’ என்னும் சமோவ மரபுக்கிணங்க அவர்மீது பாய் போர்த்தப்பட்டது. பாதிக்கப்பட்ட சமூகத்தார் அதனை விலக்கி அவரை ஏற்றனர்.