பிரைட்டன் குன்றில் ஒரு சத்ரி

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறது பிரைட்டன். அந்நகருக்கு வடக்கே, பாட்சம் ஊருக்கு மேலே உள்ள புல்வெளிக் குன்றில் எட்டுத் தூண்கள் தாங்கும் வெள்ளைப் பளிங்கு மண்டபம் ஒன்று நிற்கிறது. பார்த்தால் ராஜஸ்தானத்துக் கட்டடம் போலிருக்கும். ஆங்கிலேயர்களும் அதை, குடை என்று பொருள்படும் 'சத்ரி' என்ற பெயராலேயே சொல்கிறார்கள்.

முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட, 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படைகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கின. சில வாரங்களுக்குள் அவர்கள் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். காயம்பட்டவர்களைக் கப்பலேற்றி அனுப்ப ஓர் ஊர் தேவைப்பட்டது. பிரைட்டன் தன் அரண்மனையான ராயல் பெவிலியனையே மருத்துவமனையாக்கிக் கொடுத்தது. அங்கே ஒன்பது சமையற்கட்டுகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். அறிவிப்புகள் உருது, இந்தி, குர்முகி எழுத்துகளில். இந்த அக்கறையின் படங்கள் இந்தியாவில் பரப்பப்பட்டன, ஆள் சேர்க்கும் கணக்கும் அதில் இருந்தது. ஆனாலும் அங்கே கட்டுப்போட்ட கைகளின் பரிவைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

பிழைக்காதவர்களை அவரவர் வழக்கப்படியே அனுப்பிவைத்தார்கள். முஸ்லிம் வீரர்கள் வோக்கிங் மசூதிக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்கள். இந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேரின் உடல்கள் பாட்சம் குன்றுக்கு வந்தன. சிதை அடுக்கக் கான்கிரீட் மேடைகள் போட்டிருந்தார்கள். திறந்த வானத்தின் கீழ் எரியூட்டி, சாம்பலைக் கடலில் கரைத்தார்கள்.

அந்த இடத்தில் நினைவுச்சின்னம் வேண்டும் என்று 1915இல் முதலில் கேட்டவர், இந்திய மருத்துவப் பணியில் இருந்த லெப்டினன்ட் தாஸ் குப்தா. நகர மேயர் ஜான் ஓட்டர் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். செலவை லண்டனின் இந்தியா அலுவலகமும் பிரைட்டன் மாநகராட்சியும் பகிர்ந்துகொண்டன. வடிவமைத்தவர் பம்பாயைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர் ஈ. சி. ஹென்ரிக்ஸ். சிசிலியிலிருந்து பளிங்கு வந்தது. சிதை எரிந்த மேடைகளைப் பெயர்க்காமல், அவற்றின் மேலேயே மூன்று பெரிய கருங்கல் பாளங்களைப் பதித்தார்கள். இந்த ஒன்றுக்காகவே அவர்களுக்கு நன்றி சொல்லலாம். 1921 பிப்ரவரி 1 அன்று வேல்ஸ் இளவரசர் சத்ரியைத் திறந்துவைத்தார்.

கல்வெட்டில் பேரரசருக்காக உயிர்நீத்த இந்திய வீரர்கள் எல்லோருக்கும் நன்றி இருந்தது. அங்கே எரிந்த 53 பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. பஞ்சாபிலோ கட்வால் மலையிலோ ஒரு தாய் ஆசையாய் வைத்த பெயரை அந்த இடத்தில் பொறிக்காமல், வெறுமனே 'வீரர்கள்' என்று சொல்லி முடித்துக்கொண்டது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

இரண்டாம் உலகப் போரில் அந்தப் பகுதி ராணுவப் பயிற்சிக்களமானது. துப்பாக்கிக் குண்டுகள் பளிங்கைச் சிதைத்தன. போருக்குப் பின் செப்பனிட்டார்கள். 1951 முதல் முன்னாள் படைவீரர் அமைப்பு ஆண்டுதோறும் அஞ்சலி நடத்தியது. அவர்களுக்கு முதுமை வந்து நிறுத்தியபோது, உள்ளூர்ச் சீக்கியர் ஒருவர் முன்வந்து அதைத் தொடர்ந்தார். பெயர்கள் வர 2010 ஆனது. போர்க்கல்லறை ஆணையம் சத்ரிக்குப் பக்கத்திலேயே 53 பெயர்களையும் பொறித்த கல்லை நிறுவியது. திறப்புவிழா நடந்து 89 ஆண்டுகளுக்குப் பிறகு!

லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். குன்றுக்குக் கார் போகாது, நடந்துதான் ஏற வேண்டும். போகிறவர்கள் பளிங்கு மண்டபத்தோடு திரும்பிவிடாமல், பக்கத்துக் கல்லில் உள்ள பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு வாருங்கள்.