நூல் எந்த ஊர், சட்டை எந்த நாடு?

காந்திபுரத்தில் திருப்பூர் பஸ் ஏறுகிறவர், லட்சுமி மில்ஸ், பீளமேடு, அவிநாசி என்று கடந்து போவதற்குள் ஒரு பனியன் உருவாகும் வழியை ஏறக்குறைய வரிசையாகவே பார்த்துவிடலாம். இந்தப் பக்கம் நூற்பு. அந்தப் பக்கம் நிட்டிங், சாயம், கட்டிங், தையல். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்லும், 1930களில் பைக்காராவிலிருந்து இறங்கி வந்த மின்சாரமும் அடுத்தடுத்து மில்களைப் பெருக்கின. இந்த நெருக்கம் ஒருநாள் ஐரோப்பியச் சுங்கத்துறையின் கணக்கில் ஏறும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

1968இல் டெல்லியில் கூடிய ஐ.நா. வர்த்தக வளர்ச்சி மாநாடு, வளரும் நாடுகளின் பொருள்களுக்குப் பணக்கார நாடுகள் இறக்குமதி வரியைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. 1971இல் ஐரோப்பியச் சமூகம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சலுகை வந்ததும் சந்தேகமும் வந்தது. வேறொரு நாட்டுச் சரக்கு, லேபிளை மாற்றிக்கொண்டு சலுகை வாசலில் நுழைந்துவிட்டால்? அதைத் தடுக்கத்தான் பிறப்பிட விதிகள்.

பயிர்களுக்கு விதி எளிது: எங்கே விளைந்ததோ அந்த நாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்குத் தோட்டங்களில் பரவிய பருத்திக்குக் கம்போடியா என்றே பெயர்; ஆனாலும் இந்த விதிப்படி அது இந்தியப் பருத்திதான். உடுப்பு அப்படியல்ல. பஞ்சு ஒரு நாடு, நூல் ஒரு நாடு, துணி இன்னொரு நாடு என்றால் சட்டையை யார் கணக்கில் எழுதுவது?

வெட்டித் தைக்கும் பின்னலாடைக்கு ஐரோப்பா வைத்த அளவுகோல் இது: நூல் எங்கிருந்தும் வரலாம், ஆனால் அதைத் துணியாகப் பின்னுவதும், துணியை உடுப்பாகத் தைப்பதும் சலுகை பெறும் நாட்டிலேயே நடக்க வேண்டும். ஆயத்தத் துணியை வாங்கித் தைத்து மட்டும் அனுப்பினால் சலுகை கிடையாது.

திருப்பூருக்கு இது ஒரு பரீட்சையே அல்ல. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதி நிறுவனம் பம்பாய் வியாபாரிகள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தபோதும், 1981இல் சி அண்ட் ஏ நிறுவனம் வந்தபோதும், ஜாப் ஒர்க் முறையில் ஒரு தெருவில் நிட்டிங்கும் அடுத்த தெருவில் தையலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. ஏற்றுமதியாளருக்கு வேண்டியது ‘ஃபார்ம் ஏ’ என்ற பிறப்பிடச் சான்றிதழும் அதில் விழும் முத்திரையும்தான்.

சோதனை கிழக்கிலிருந்து வந்தது. இதே இரண்டு கட்ட விதியை வங்கதேசமும் நிறைவேற்றியது, அதுவும் பெருமளவு இந்திய நூலை வாங்கி. இந்திய மில்லில் சுற்றிய நூல் நாராயண்கஞ்சில் பின்னித் தைக்கப்பட்டால், அந்த டி-ஷர்ட் சட்டப்படி வங்கதேசத்துப் பொருள். மிகப் பின்தங்கிய நாடு என்பதால் அதற்கு ஐரோப்பாவில் வரியே இல்லை. திருப்பூர்ச் சட்டைக்கோ 12 சதவீத வரி 9.6ஆகக் குறைந்தது, அவ்வளவுதான். இருவருக்கும் ஒரே விதி, பலனில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

2011 ஜனவரியில் ஐரோப்பா மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு விதியையும் தளர்த்தியது. தைத்தாலே போதும், துணி சீனாவிலிருந்து வந்தாலும் சரி. அதே ஆண்டு நவம்பரில், தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ், வங்கதேச ஆடைகளுக்கு இந்தியாவும் வரியை நீக்கியது. இங்கே அளவுகோல் வேறு. மிகப் பின்தங்கிய நாடுகள் பெரும்பாலான பொருள்களுக்கு மொத்த விலையில் குறைந்தது 30 சதவீத மதிப்பை உள்நாட்டில் சேர்த்திருக்க வேண்டும். சீனத் துணி டாக்கா வழியாக வரியில்லாமல் இந்தியக் கடைகளுக்கு வருகிறது என்று பின்னலாடைத் தொழிலினர் குமுறினார்கள். கோவையிலுள்ள தென்னிந்திய மில்கள் சங்கம், நூலிலிருந்தோ துணியிலிருந்தோ தொடங்கும் கடுமையான பிறப்பிட விதி வேண்டும் என்று கேட்டது. கேட்டதில் நியாயம் உண்டு, கணக்கும் உண்டு: நூல் என்று விதி எழுதினால் மில்காரருக்கு லாபம்; உடுப்போடு நின்றுவிட்டால் அதே மில்காரர் டாக்காவின் போட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்திய அரசு 2020 செப்டம்பரில் பொறுப்பை இறக்குமதியாளர் தலையில் வைத்தது. வெளிநாட்டுச் சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது. பொருள் எப்படி அந்த நாட்டுப் பொருளானது என்ற விவரமும் அவர் கையில் இருக்க வேண்டும்.

ஏற்றுமதிப் பக்கத்திலும் முத்திரைக் காலம் முடிந்தது. 2017இல் தொடங்கிய ஐரோப்பியப் பதிவு முறையில், பதிவு பெற்ற ஏற்றுமதியாளர் தன் இன்வாய்ஸிலேயே பிறப்பிடத்தை எழுதிவிடலாம். அதற்கு ஆதாரமான பதிவேடுகளை மட்டும் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதனால் நூல் வாங்கிய பில், நிட்டிங் ஜாப் ஒர்க் ரசீது, சாயப்பட்டறைக் கணக்கு எல்லாம் சரக்கு கப்பலேறிப் போன பிறகும் கம்பெனி பீரோவில் இருந்தாக வேண்டும்.