தோற்றுப்போன கார்டின் வாரிசுகள்

1996-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ சிப்புடன் வந்த கார்டுகள் ஒரு வகையில் விசித்திரமானவை. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு திரையில் ஓர் எழுத்தைக்கூடப் பார்க்க முடியாது. விண்டோஸ், கடிதம், கணக்கு எல்லாவற்றையும் கணினியில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண வீடியோ கார்டே கவனித்துக்கொள்ளும். அந்தக் கார்டின் முதுகிலிருந்து குட்டையான கேபிள் ஒன்று வூடூவுக்கு வரும். வூடூவிலிருந்து மானிட்டருக்கு இன்னொன்று போகும். முப்பரிமாண கேம் தொடங்கியதும் சில கார்டுகளில் ரிலே ஒன்று 'க்ளிக்' என்று சத்தம் போட்டு, திரையைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும். கேம் முடிந்தால் பழைய கார்டிடமே திருப்பிக் கொடுத்துவிடும்.

அதில் இருந்த மெமரி 4 எம்பி. இன்று ஒரு புகைப்படத்துக்கே போதாது. பாதி திரையில் காட்டும் படத்துக்கு, பாதி சுவர், தரை, உடைகளின் மேற்பரப்புக்கு என்று பிரித்திருந்தார்கள். அளவு அற்பம்தான், ஆனால் மொத்தமும் கார்டுக்கே சொந்தம். 'குவேக்' விளையாடியவர்கள் கண்ட வேகத்துக்கு இந்தச் சொந்த மெமரியும் ஒரு காரணம்.

கார்டு வாங்கிச் செருகும் வழக்கம் அதைவிடப் பழையது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் வெறும் எழுத்தைக் காட்டவே தனிக் கார்டு வேண்டும். 1987-இல் அதே ஐபிஎம், பிஎஸ்/2 கணினிகளில் விஜிஏவை மதர்போர்டிலேயே பதித்தது. வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

கார்டுகளோ மேலும் வளர்ந்துகொண்டே இருந்தன. 1999-இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256, உருவங்களின் வடிவக் கணக்கையும் சிபியுவிடமிருந்து பறித்துக்கொண்டது. 'ஜிபியு' என்ற பெயரைப் பரப்பியதும் அதன் விளம்பரம்தான். மறு ஆண்டு டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவிடமே விற்க ஒப்புக்கொண்டது.

இந்தச் சண்டையில் நடுவில் புகுந்து அடி வாங்கிய நிறுவனம் இன்டெல். 1998-இல் அது ஐ740 என்ற சிப்பை வெளியிட்டது. ராணுவ சிமுலேட்டர்களில் அனுபவம் பெற்ற ரியல்3டி நிறுவனம் கூட்டாளி. எதிர்பார்ப்பு பெரிது, பலன் சிறிது. ஏஜிபி என்ற தன் புதிய ஸ்லாட்டின் பெருமையைக் காட்டும் ஆசையில், மேற்பரப்புப் படங்களைக் கார்டின் மெமரியில் வைக்காமல் கணினியின் பொது ராமிலிருந்தே எடுக்கும்படி இன்டெல் அதை வடிவமைத்திருந்தது. போட்டிக் கார்டுகள் சொந்த மெமரியை வைத்துக்கொண்டு முந்தின. 1999-இல் இன்டெல் கார்டுக் கடையைக் கட்டியது.

ஆனால் சிப்பைக் குப்பையில் போடவில்லை. அதே ஆண்டு வந்த, மதர்போர்டில் அமரும் 810 சிப்செட்டுக்குள் அந்த வடிவமைப்பை நுழைத்தது. கார்டாக இருந்தபோது குறையாக இருந்த ராம் பகிர்வு, இங்கே சிக்கனமாக மாறியது. தனி மெமரி வேண்டாம், தனிக் கார்டு வேண்டாம், கணினி விலை குறையும். பிறகு நல்ல கார்டு வாங்கிப் போடலாம் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தவருக்குத்தான் ஏமாற்றம்: 810 போர்டுகளில் ஏஜிபி ஸ்லாட்டே கிடையாது. விளையாட்டுப் பிரியர்கள் திட்டினார்கள். அலுவலகங்கள் வாங்கிக் குவித்தன. எண்ணிக்கைக் கணக்கில் கிராபிக்ஸ் சந்தையின் முதலிடம் பின்னாளில் இன்டெலுக்கே போனது. கார்டில் தோற்றவனுக்குக் கிடைத்த வெற்றி.

லேப்டாப் கதை சற்றே வேறு. தொண்ணூறுகளின் கடைசியில் நியோமேஜிக் போன்ற நிறுவனங்கள், மெமரியையும் சேர்த்து ஒரே சில்லில் அடைத்த தனிச் சிப்களை லேப்டாப்களுக்கு விற்றன. மின்சாரமும் இடமும் மிச்சம். சிப்செட்டிலேயே கிராபிக்ஸ் கிடைக்க ஆரம்பித்ததும் அந்தக் கடைகளுக்கு வேலையில்லாமல் போனது.

மலிவுக்கு விலை இருந்தது. 2006-இல் விண்டோஸ் விஸ்டாவுக்குத் தகுதியானவை என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற கணினிகளில், இன்டெல் 915 சிப்செட் கொண்டவற்றில் விஸ்டாவின் கண்ணாடி ஜன்னல் அலங்காரம் ஓடவே இல்லை. விவகாரம் அமெரிக்க நீதிமன்றம் வரை போனது. 2,100 டாலர் கொடுத்து வாங்கிய லேப்டாப் மின்னஞ்சல் பார்க்கத்தான் லாயக்கு என்று மைக்ரோசாப்ட் அதிகாரி ஒருவரே புலம்பி எழுதியது அந்த வழக்கில் அம்பலமானது.

2010-இல் கிராபிக்ஸ், சிபியுவின் உறைக்குள் வந்தது. 2011 ஜனவரியில் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் சிப்பில் இரண்டும் ஒரே சில்லில் கலந்தன. தனிக்குடித்தனம் நடத்தியது கூட்டுக் குடும்பத்தில் சேர்ந்த மாதிரிதான்: செலவு குறைவு, ஆனால் ராமும் மின்சாரமும் எல்லோருக்கும் பொது.

சொந்தத்துக்கும் அந்தப் பொதுப் பங்குக்கும் உள்ள வித்தியாசம் இன்றும் பெரிது. 2022-இல் வந்த மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட் வரை இழுக்கும். அதன் 24 ஜிபி சொந்த மெமரியிலிருந்து நொடிக்குச் சுமார் 1,000 ஜிபி தரவு பாயும். மெல்லிய லேப்டாப் சிப் ஒன்றுக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் 15 வாட்டை ஒட்டித்தான். அதிலும் ஒரு பங்கு சிபியுவுக்கு. டிடிஆர்4-3200 ராம் இரட்டைச் சேனலில் நொடிக்கு 51.2 ஜிபி தரும். பகிர்வதே குற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆப்பிளின் எம்1 மேக்ஸ் 2021-இலேயே பொது மெமரியிலிருந்து நொடிக்கு 400 ஜிபி எடுத்துக் காட்டியது. பாதையை அகலப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

டிடிஆர்4 லேப்டாப் வாங்குபவர்கள் கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: 16 ஜிபி ராம் ஒரே பட்டையா, இரண்டு எட்டா? ஒரே பட்டை என்றால் அந்த 51.2 பாதியாகி 25.6 ஆகிவிடும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கேம் திணறுவதற்குப் பல நேரம் அதுவே காரணம்.