இதயமா, கழுத்தா: எதற்கு முதலில் கத்தி?

இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். பலருக்கும் தெரிஞ்ச கதைதான். ஆனால் இதயக் குழாயோடு, மூளைக்கு ரத்தம் போகும் கழுத்துக் குழாயும் (கரோடிட்) அடைத்திருந்தால்?

கழுத்துக் குழாயைத் திறந்து அடைப்பைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷனை 1953-லேயே ஹூஸ்டனில் டிபேக்கி செய்துவிட்டார். கால் ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் தைக்கும் முறையை 1967-ல் கிளீவ்லாந்தில் ஃபவலோரோ தொடங்கினார். 1972-ல் பெர்ன்ஹார்டு குழுவினர் இரண்டையும் சேர்த்தே செய்து கட்டுரை எழுதினார்கள்.

அவங்க யோசனை நியாயமாத்தான் படுது. கழுத்தை முதலில் செய்தால் மாரடைப்பு பயம், இதயத்தை முதலில் செய்தால் பக்கவாத பயம். ரெண்டையும் ஒண்ணா முடிச்சிட்டா? இரண்டு பேட்சை ஒரே ராத்திரியில் ஏற்றுகிற ஆசை மாதிரிதான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கு. பைபாஸின்போது மகாதமனியைக் கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். அப்போது அதன் உட்சுவரில் படிந்திருப்பது உடைந்து மூளைக்குப் போகலாம். கழுத்தை எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் இது நிற்காது.

2011-ல் வந்த இத்தாலிய ஆய்வு, கழுத்தை முன்னதாகவோ கூடவோ செய்வதே நல்லது என்றது. 2017-ல் ஜெர்மனி, செக் மருத்துவமனைகளின் ஆய்வு நேரெதிர்ப் பக்கம் சாய்ந்தது. கழுத்து அடைப்பால் அறிகுறி எதுவும் இல்லாத 129 பேர். 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, சேர்த்துச் செய்தவர்களில் 18.5%, பைபாஸ் மட்டும் செய்தவர்களில் 9.7%. போதிய ஆள் சேராமல் பாதியில் நின்ற ஆய்வு என்பதால் இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. ஏற்கெனவே வாய் குழறி, கை மரத்துப் போனவர்களின் கணக்கு தனி. அவர்கள் இந்த 129-க்குள் வரவே இல்லை.