தற்செயலும் திரைக்கலையும்

மனித வாழ்வின் போக்கை நிர்ணயிப்பது யாது என்னும் வினா மிகப் பழையது. திருவள்ளுவர் அறத்துப்பாலின் ஈற்றில் ஊழுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். இருபதாம் நூற்றாண்டிலே அவ்வினாவைத் திரைக்கலையும் ஏற்றுக்கொண்டது. நிகழ்ந்ததையும் நிகழ்ந்திருக்கக் கூடியதையும் அடுத்தடுத்துக் காட்டவல்ல கலை அது.

1946 இல் வெளிவந்த பிராங் கப்ராவின் அமெரிக்கப் படம் ஒன்று, தான் பிறவாதிருந்தால் தன் ஊர் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை ஒருவனுக்குக் காட்டுகிறது. ஆயின், அற்பமான ஒரு கணமே வாழ்வைப் பிரிக்கும் என்பதை ஆழமாக ஆராய்ந்தவர் போலந்து நாட்டுக் கீஸ்லோவ்ஸ்கி ஆவார்.

1981 இல் அவர் ஆக்கிய படத்தின் பெயரே 'தற்செயல்' என்பது. விதெக் என்னும் மருத்துவ மாணவன் வார்சோவுக்குச் செல்லும் புகைவண்டியைப் பிடிக்க ஓடுகிறான். பிடித்துவிட்டால் முதிய பொதுவுடைமையாளர் ஒருவரைச் சந்தித்துக் கட்சியிற் சேர்கிறான். நிலையக் காவலனோடு மோதினால், அதனால் வந்த தண்டனையின் வழியே இரகசிய எதிரியக்கத்தை அடைகிறான். வண்டியைத் தவறவிட்டு மட்டும் நின்றால், உடன்பயின்ற பெண்ணை மணந்து, அரசியலை விலக்கிய மருத்துவனாகிறான். மூன்று வாழ்விலும் அவன் வெளிநாடு செல்ல முயல்கிறான். முன்னிரண்டிலும் பயணம் தடைப்படுகிறது. மூன்றாவதில் விமானம் ஏறியவன் அது வெடித்து மாள்கிறான். எப்பக்கமும் சாராது நின்றதும் அவனைக் காக்கவில்லை.

மூவரும் நேர்மையாளரே. கட்சிக்காரனையும் எதிர்ப்பாளனையும் பிரித்தது சில விநாடிகளேயாயின், ஒருவனைத் தேசபக்தன் என்றும் மற்றவனைத் துரோகி என்றும் தீர்ப்பது எங்ஙனம்? இவ்வினா ஆட்சியாளருக்கு உவப்பாக இருந்திருக்க இயலாது. 1981 டிசம்பரிற் போலந்திலே இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. படம் 1987 வரை வெளிவரவில்லை.

1998 இல் இக்கரு மீண்டும் தளிர்த்தது. ஜேர்மனியரான ரொம் டிக்வரின் படத்தில், லோலா 20 நிமிடத்தில் 100,000 மார்க் தேடி மூன்று முறை ஓடுகிறாள். சில விநாடி வேறுபாட்டால் வழியிற் கண்டோர் வாழ்வும் மாறுகிறது. பீற்றர் ஹோவிற்றின் ஆங்கிலப் படத்தில், இலண்டன் சுரங்க இரயிலின் கதவே ஒரு பெண்ணின் வாழ்வை இரண்டாக்குகிறது. தமிழில் 2001 இல் ஜீவா இயக்கிய '12பி' இவ்வமைப்பைச் சென்னைப் பேருந்துக்கு மாற்றியது.

பின்வந்த இப்படங்களிற் பெரிதும் ஊசலாடுவன காதலும் உயிரும். கீஸ்லோவ்ஸ்கியின் படத்திலோ மனச்சான்றும் உடன் நிற்கிறது. எவ்வழியிற் செல்வோம் என்பதைத் தற்செயல் தீர்க்கலாம். அவ்வழியில் எத்தகையராய் நடப்போம் என்பதை அது தீர்ப்பதில்லை. பிறரைத் தீர்ப்பிடுமுன் தயங்கவேண்டும் என்பதே அப்படம் விட்டுச்செல்லும் பாடமாகும்.